கை வைக்க இடமில்லாத கார்

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. ஓடாமல் நின்றுபோன கார்களை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான லாரி ஒன்று அவரிடம் இருக்கிறது. அதற்கு முதலாளியும் அவர்தான், ஓட்டுநரும் அவர்தான், வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவுகிறவரும் அவர்தான். ஆகவே அவர் தட்டுக்காரர். மச்சினன்கூடத் தன் போனில் 'தட்டு மாமா' என்றுதான் அவருடைய எண்ணைப் பதிந்து வைத்திருக்கிறான். முதலில் கோபம் வந்தது, அப்புறம் பழகிவிட்டது.

மனிதர் நல்லவர். பொறுமைதான் கொஞ்சம் மட்டு. அதற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. வழியில் வண்டி நின்றுபோனவன் எவனும் சிரித்துக்கொண்டு நிற்பதில்லை. அவர் போய் இறங்குகிற இடத்திலெல்லாம் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருப்பார்கள், அதில் பாதி இவர் தலையில் வந்து விடியும். அதையும் வாங்கிக்கொண்டு, குனிந்து கொக்கி மாட்டி, வண்டியை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், மனைவி "ஏன் இவ்வளவு நேரம்?" என்று ஒரு வார்த்தை கேட்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு வீடு இடிந்து விழுகிற மாதிரி கத்துவார். பத்து நிமிஷம் கழித்துத் தானே அடுப்படிக்குப் போய் டீ போட்டு எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைப்பார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். கத்தமாட்டாள், எதையும் மறக்கவும் மாட்டாள். மகள் பிறந்த அன்று இவர் வாய்க்காலில் கவிழ்ந்த ஒரு வேனை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு ஒருநாள் வயதான பிறகுதான் வந்து பார்த்தார். மாமனார் செத்த அன்று மலைப்பாதையில் யாருடைய காரோ நின்றுவிட்டது; இவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து எல்லாரும் குளித்துவிட்டிருந்தார்கள். போன வாரம் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன். காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோகும்போது அவள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். இவர் அந்த நேரத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் அடித்தளத்தில், தூணுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிய வெள்ளிநிறக் கார் ஒன்றின் அடியில் படுத்திருந்தார். மூன்று தடவையும் வேறு எவனுடையதோ ஒரு வண்டிதான் குறுக்கே வந்தது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததனால் வலி குறைந்துவிடவில்லை.

தையல் போட்ட இடத்தில் நீர் கோத்துக்கொண்டதால் ஒன்பது நாள் வைத்துப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை, "நாளைக்கு மதியம் பன்னெண்டு மணிக்குள்ள கூட்டிட்டுப் போயிடணும், படுக்கை வேணும்" என்று நர்ஸ் சொன்னாள். மச்சினன் அங்கேயே இருந்தான். அவனிடம் நாலு பேர் உட்காரக்கூடிய சாதாரணக் கார் ஒன்று இருக்கிறது.

"நான் வந்து அக்காவைக் கூட்டிட்டுப் போறேன் மாமா. உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்றான்.

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் 'உங்களை நம்ப முடியாது' என்று அவன் சொன்னதாகவே தட்டுக்காரர் காதில் விழுந்தது. "என் பொண்டாட்டியை நான் கூட்டிட்டுப் போவேன். நீ ஒண்ணும் வரவேண்டாம்" என்றார். வார்டில் இருந்த மற்ற ஐந்து நோயாளிகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் போனதும் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "பன்னெண்டு மணிக்கு மேல பெஞ்சுல உட்கார வெச்சிடுவாங்க. என்னால ரொம்ப நேரம் உட்கார முடியாதுங்க. வர முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் தம்பிகூடப் போயிடறேன். வர்றேன்னு சொல்லிட்டு இன்னொரு தடவை வராம இருந்தா, இனிமே உங்ககிட்ட எதுவும் கேட்கமாட்டேன்."

அவள் மிரட்டவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. கேட்கமாட்டேன் என்றால் அவள் உண்மையாகவே கேட்கமாட்டாள். மீதி வாழ்நாள் முழுக்க ஒரே வீட்டில் எதுவும் கேட்காமல் இருந்துவிடக்கூடியவள்.

அன்று மாலையே லாரியின் முன்பக்கத்தை மகள் கல்யாணத்துக்குத் தயார் செய்கிற மாதிரி துடைத்தார். சீட்டில் துவைத்த போர்வையை விரித்தார். தலையணை ஒன்று, வயிற்றில் வைத்துக்கொள்ளச் சின்னத் தலையணை இன்னொன்று, தண்ணீர் பாட்டில், வாந்தி வந்தால் பிடிக்க ஒரு வாளி. டீசல் வாடை அவளுக்கு ஆகாது என்று ஜன்னலோரம் எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்தார். ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினார். "சூப்பர்பா!" என்று அவள் பதில் போட்டாள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் போன் வந்தது. எடுத்திருக்கக் கூடாது. ஆனால் அந்தக் குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது, வேகத்தடை மேல் கார் உட்கார்ந்துவிட்டதாம், அரை மணி நேர வேலை. ஒன்பதரைக்கு முடித்தாலும் பத்துக்குள் இறக்கிவிட்டுப் பத்தே காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம். இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடுவார். ஒவ்வொரு தடவையும் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

போய்ப் பார்த்தால், குடியிருப்பின் இரும்புக் கதவுக்கு நேரே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கார். வெளிநாட்டில் பந்தய ஓட்டத்துக்கென்றே செய்கிற ரகம். முழங்கால் உயரத்தில் மூக்கு, இடுப்பு உயரத்தில் கூரை. அப்படியே விட்டிருந்தாலே நம் சாலைக்குத் தாழ்வான வண்டி, அதை இன்னும் இரண்டு அங்குலம் இறக்கி, நாலு பக்கமும் அகலப்படுத்தி, மூக்கில் உதடு மாதிரி ஒரு கருப்புப் பலகையை வைத்து, பின்னால் துணி காயப்போடுகிற அளவுக்கு ஒரு இறக்கையையும் ஏற்றியிருந்தார்கள். முன்சக்கரம் இரண்டும் வேகத்தடையைத் தாண்டிவிட்டன. வயிறு தாண்டவில்லை. அடித்தட்டு கிழிந்து ஏதோ குழாய் விட்டுப்போய், இன்ஜினைக் குளிர்விக்கிற பச்சை நிறத் தண்ணீர் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போக முடியாமல் ஒரு பால் வண்டி, வெளியே வர முடியாமல் நாலு கார்கள், நடுவில் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்த வாட்ச்மேன்.

காரைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். சனிக்கிழமை காலைகளில் கார்களை எடுத்துக்கொண்டு போய்க் காபி குடித்துவிட்டு வருகிற கோஷ்டி. ஆரஞ்சுக் காரின் சொந்தக்காரர் மார்பிள் கடை வைத்திருப்பவர். இரண்டாமவர் பல் டாக்டர். அவருடைய சிவப்புக் கார் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது, அதில் ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது என்பது அவருடைய மதம். மூன்றாமவர் வக்கீல். மஞ்சள் கார், பாதி கம்பெனி, பாதி மாற்றியது. அவர் இரண்டு பக்கமும் வாதாடினார்.

"நான் சொன்னேனா இல்லையா? கம்பெனிக்காரன் முட்டாளா? உயரத்தை அளந்துதானே வெச்சிருக்கான்" என்றார் பல் டாக்டர்.

"உயரம் பிரச்சினையே இல்ல. இந்த வேகத்தடை சட்டப்படி இல்ல" என்றார் மார்பிள்காரர்.

"அது உண்மை. ஆனா டாக்டர் சொல்றதும் உண்மை" என்றார் வக்கீல்.

தட்டுக்காரர் லாரியைத் திருப்பி நிறுத்தி, தட்டைச் சரித்து இறக்கினார். கம்பியை இழுத்துக்கொண்டு வந்து காரின் மூக்கருகே மண்டியிட்டார். எந்தக் காராக இருந்தாலும் முன்பக்கம் ஒரு மூலையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு மூடி இருக்கும். அதைத் தட்டினால் ஒரு துளை தெரியும், கொக்கியை அதில் திருகி இழுத்துவிடலாம். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தத் துளை இல்லாத காரை அவர் பார்த்ததில்லை. இதில் இல்லை. தடவித் தடவிப் பார்த்தார். வழவழவென்று ஒரே பரப்பாக இருந்தது.

"சார், இழுக்கிற ஓட்டை எங்க?"

"அதை அடைச்சுட்டாங்க. லுக் கெட்டுப்போகுதுன்னு."

தட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நின்றுபோனால் இழுப்பதற்கென்று கம்பெனிக்காரன் வைத்த ஒரே ஒரு துளை. நின்றுபோகிற மாதிரி வண்டியை இறக்கிவிட்டு, அந்தத் துளையையும் அழகுக்காக அடைத்திருக்கிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

"பார்த்தீங்களா? இதுதான் மாத்துறவங்க லட்சணம்" என்று பல் டாக்டர் கைதட்டினார். சட்டைப்பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டார்ச்சை எடுத்து, பம்பருக்கும் பானெட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அடித்துப் பார்த்தார். "இடது பக்கம் என் சுண்டுவிரல் போகுது. வலது பக்கம் நகம்கூடப் போகல. இதுக்குப் பேரு வேலையா?"

"உங்க வண்டியில கம்பெனி பெயிண்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளமா இருக்கே, அதுக்குப் பேரு என்ன? என் பெயிண்ட்ல முகம் பார்த்து ஷேவ் பண்ணலாம். இந்த உதடு நிஜக் கார்பன் நார். வெளிநாட்டுலேர்ந்து அளவு கொடுத்து வரவழைச்சது."

"கார்பனா? ஸ்டிக்கர்."

"ஸ்டிக்கரா? தட்டிப் பாருங்க!"

இரண்டு பேரும் குனிந்து உதட்டைத் தட்டினார்கள். வக்கீலும் தட்டினார். மூன்று பேருக்கும் மூன்று விதமாகக் கேட்டது. அந்த உதட்டுக்கும் அவர்கள் விரலுக்கும் நடுவில் தட்டுக்காரரின் தலை இருந்தது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"சார், கொஞ்சம் நகருங்க. இதை இழுக்க வேண்டாம், பின்னாலேர்ந்து தள்ளிடலாம். நாலு பேர் இருக்கோம், வாட்ச்மேனும் வருவார்" என்று எழுந்தார்.

இறக்கையில் கை வைக்கப் போனார்.

"ஐயோ, அங்க வேண்டாம்! அது ஒட்டினது."

பின்சக்கரத்துக்கு மேலே வளைவில் கை வைத்தார்.

"அங்கயும் வேண்டாம், உள்ள வெறும் கூடு. அமுங்கிடும்."

பின்பக்கக் கண்ணாடி பிளாஸ்டிக்காக மாற்றியதாம். கதவின் ஓரம் ஆணி அடித்த மாதிரி தெரிந்தாலும் அந்த ஆணிகள் சும்மா தலை மட்டும்தானாம். கூரைக்கு மேல் ஏதோ படலம் ஒட்டியிருக்கிறது, வியர்வை பட்டால் தடம் விழுமாம். ஒரு வீடு வாங்கும் விலைக்கு ஒரு கார், அதில் மனுஷன் கை வைக்க ஒரு சாண் இடம் இல்லை. வாட்ச்மேன் தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார்.

மணி பத்தேகால். மகள் போன் செய்தாள். "அப்பா, அம்மாகிட்ட போயிட்டீங்களா?"

"வழியில இருக்கேன்மா."

"என்னது வழியில? பின்னாடி யாரோ சண்டை போடுறாங்களே. அப்பா, திரும்பவும் வண்டி எடுக்கப் போயிட்டீங்களா?"

"பக்கத்துலதான்மா. பன்னெண்டுக்குள்ள போயிடுவேன்."

மகள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை, வைத்துவிட்டாள். தாயைப் போலவே வருகிறாள் என்று நினைத்தார்.

இதற்குள் மார்பிள்காரர் காரை மாற்றிக் கொடுத்த ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டிருந்தார். ஒர்க்‌ஷாப்காரன், "எங்க ஆள் வர்ற வரைக்கும் யாரையும் தொட விடாதீங்க" என்று சொல்லிவிட்டான். ஆள் இதோ வருகிறான், அதோ வருகிறான் என்று நாற்பது நிமிஷம் போனது. அந்த நாற்பது நிமிஷமும் அந்த மூன்று பேரும் கொஞ்சமும் சோர்ந்துவிடாமல், கார்பன் நெசவின் கோடு பம்பரிலிருந்து உதட்டுக்கு நேராக வருகிறதா, திசை மாறுகிறதா என்று வாதாடினார்கள். பால் வண்டிக்காரர் பாலை இறக்கிக் கையில் சுமந்துகொண்டு போக ஆரம்பித்துவிட்டார். மாடியிலிருந்து ஒரு அம்மா, "உங்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லையா?" என்று கத்தினாள். அந்த அம்மாவின் காலில் விழலாம் போலிருந்தது தட்டுக்காரருக்கு.

பதினொன்று ஐந்துக்கு அவருக்குப் பொறுத்தது போதும் என்றாகிவிட்டது.

"சார்!" என்றார். அந்தக் குரலுக்கு வாட்ச்மேன்கூட வாயை மூடினார். "மூணு பேரும் படிச்சவங்க. நான் படிக்காதவன். கம்பெனி வண்டி உசத்தியா, மாத்தின வண்டி உசத்தியான்னு எனக்குத் தெரியாது. ஆனா ரெண்டையும் நான் தூக்கியிருக்கேன். கம்பெனி வண்டி என் லாரி மேல வர்றப்ப மாத்தினவங்க சிரிப்பாங்க. மாத்தின வண்டி வர்றப்ப கம்பெனிக்காரங்க சிரிப்பாங்க. யாரும் இறங்கி ஒரு கை புடிச்சதில்ல. என் சம்சாரம் ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருக்கா. பன்னெண்டுக்கு நான் அங்க நிக்கணும். இப்ப நான் அடியில படுத்து அச்சுக்குப் பக்கத்துல பட்டை கட்டி இழுக்கப்போறேன். உதடு உடைஞ்சா உடையட்டும். வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, லாரியை எடுத்துட்டுப் போயிடறேன். உங்க ஆள் வர்ற வரைக்கும் அந்த மாடி அம்மாவுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

மார்பிள்காரர் மாடியைப் பார்த்தார். "சரி, பார்த்து..." என்றார்.

தட்டுக்காரர் பச்சைத் தண்ணீரில் மல்லாந்து படுத்து உள்ளே புகுந்தார். அச்சோடு சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையைத் தேடிப் பிடித்துத் துணிப்பட்டையைச் சுற்றினார். சக்கரங்களுக்கு முன்னால் மரப்பலகைகளைச் செருகினார். இழுக்கும்போது உதட்டின் ஓரம் படக்கென்று உடைந்தது. உடைந்த இடத்தில் வெள்ளை நார் தெரிந்தது.

"கண்ணாடி நார்! நான் சொன்னேன்ல!" பல் டாக்டர் ஓடிவந்து துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"வெளியதான் கார்பன், உள்ள பலத்துக்கு இது. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க!"

"யாரு எல்லாரும்? ஒர்க்‌ஷாப்ல போய்க் கேட்போமா?"

"கேட்போம், வாங்க!"

ஆக மூன்று பேரும் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதென்று முடிவானது. கார் ஏறி, கட்டி முடிக்கும்போது பதினொன்று நாற்பது. ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டு வர நேரமில்லை. "முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம்தான் எல்லாம்" என்றார். மார்பிள்காரர் தன் காரை விட்டு அகல மறுத்து, அந்தத் துவைத்த போர்வையிலேயே ஏறி உட்கார்ந்தார். உடைந்த துண்டு பல் டாக்டர் கையில் இருந்ததால் அவர் பின்னாலேயே வந்தார். வக்கீல் இல்லாமல் எந்த வழக்கும் நகராது என்பதால் அவரும் வந்தார்.

பன்னிரண்டு அடிக்க நாலு நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்தது அந்த ஊர்வலம். மேலே ஆரஞ்சுக் காரைச் சுமந்த லாரி, பின்னால் உறுமிக்கொண்டு சிவப்பும் மஞ்சளும். நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் நோயாளிகளை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தட்டுக்காரர் லாரியை மதிலோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கினார். முதுகெல்லாம் பச்சை ஈரம். ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. நாலு நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்! மச்சினன் இங்கே இருந்திருக்க வேண்டும்.

மனைவி சக்கர நாற்காலியில் வாசலுக்கே வந்துவிட்டிருந்தாள். ஆயா தள்ளிக்கொண்டு வந்தாள். ஒன்பது நாளில் முகம் பாதியாகியிருந்தது. இவரைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. அது லாரி வரைக்கும் இருந்தது.

"இதுலயா ஏத்தப்போறீங்க?" என்றாள் ஆயா.

மார்பிள்காரரை இறக்கிவிட்டு, இவர் கதவை அகலத் திறந்து பிடித்தார். தலையணை, வாளி, எலுமிச்சம்பழம் எல்லாம் இருந்தன. மனைவி அவற்றைப் பார்க்கவில்லை. கதவுக்குக் கீழே இருந்த இரும்புப் படியைப் பார்த்தாள். முதல் படியே அவள் தொடை உயரம். அதற்கு மேல் இன்னொன்று. அதற்கும் மேலே, அவள் நெஞ்சுக்கு நேராக, சீட்டு. ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்குகிற அந்தப் படியை அவர் வாழ்க்கையில் முதல்தடவையாகப் பார்த்தார்.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள். பாதிப் படிகூட எட்டவில்லை. முகம் வெளிறிவிட்டது. காலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"நான் தூக்கி வைக்கறேன்" என்றார்.

"தையலைப் பிரிக்கவா?" என்றாள் ஆயா.

"என் கார்ல வரட்டும்" என்று பல் டாக்டர் முன்னால் வந்தார். உண்மையான அக்கறைதான், அதில் சந்தேகமில்லை. "நானும் டாக்டர்தாம்மா."

"அது தரையோட தரையா இருக்கே. உட்காரணும்னா ரெண்டா மடங்கணும்" என்றாள் ஆயா.

"கம்பெனி சீட்டும்மா, உடம்பைத் தாங்கிப் பிடிக்கும்."

"கம்பெனி சீட்டு கல்லு மாதிரி இருக்கும்" என்றார் மார்பிள்காரர். "என் சீட்டை முதுகு வலிக்காரங்களுக்குன்னே ஸ்பாஞ்சு மாத்திப் போட்டிருக்கேன். மேல இருக்கு, இல்லாட்டி..."

"ஸ்பாஞ்சை மாத்தினா விபத்துல முதுகு போயிடும், தெரியுமா உங்களுக்கு?"

"ரெண்டு பேர் சொல்றதுலயும்..." என்று ஆரம்பித்தார் வக்கீல்.

அவள் வயிற்றைப் பிடித்தபடி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"யாருங்க இவங்கெல்லாம்?"

அவர் திறந்த கதவை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க வரமாட்டீங்கன்னுதான் நினைச்சேன். வராம இருந்திருந்தா கோபப்பட்டிருப்பேன், அவ்வளவுதான். வந்துட்டீங்க. போர்வை விரிச்சு, தலையணை வெச்சு, எல்லாம் பண்ணியிருக்கீங்க. ஊர்ல இருக்கிற கார் எல்லாம் எவ்வளவு உயரம், எதுல ஏறும், எதுல ஏறாதுன்னு உங்களுக்கு அத்துப்படி. வயித்தைக் கிழிச்சுத் தைச்சிருக்கிறவ இதுல எப்படி ஏறுவான்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்க்கலையே. தம்பி கார் வேண்டாம்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களே, அப்பக்கூட நினைக்கலையே."

அவள் குரல் உயரவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. வாதாடிக்கொண்டிருந்த மூன்று பேரும் சட்டென்று தரையைப் பார்த்தார்கள். அன்று காலையிலிருந்து அவர்கள் மூன்று பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். தட்டுக்காரருக்கு அவமானமாக இருந்தது. ஓட்டையை அடைத்துவிட்டார்களே என்று யாரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாரோ, அந்த மார்பிள்காரரின் முகத்தைக்கூட அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஒரு டாக்ஸி பிடிச்சுக் குடுங்க. நான் போய்க்கறேன். நீங்க அவங்க வண்டியை இறக்கிட்டு வாங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற பழைய டாக்ஸி ஒன்றை ஆயாதான் கைகாட்டி வரவழைத்தாள். வண்டிக்கு ஒரு அழகும் கிடையாது. ஒரு கதவு வேறு நிறம். ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்தவள் குனியாமல், ஏறாமல், அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள். தட்டுக்காரர் லாரியிலிருந்து இரண்டு தலையணைகளையும் எடுத்துவந்து அவள் முதுகுக்கும் வயிற்றுக்கும் வைத்தார். லாரிக் கதவைப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, டாக்ஸியின் மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தார்.

"என்னங்க, எங்க போறீங்க? என் கார்?" என்று மார்பிள்காரர் பதறி ஓடிவந்தார்.

"மேலதான் இருக்கு."

"எப்ப வருவீங்க?"

"தெரியாது சார்."

இருபத்திரண்டு வருஷத்தில் ஏற்றிய வண்டியை இறக்காமல் அவர் எங்கும் போனதில்லை. உட்கார்ந்து கதவைச் சாத்தினார். மார்பிள்காரர் கண்ணாடியைத் தட்டினார், பிறகு போனில் அழைத்தார். தட்டுக்காரர் போனை எடுத்து, எண்ணைப் பார்த்து, அணைத்து வைத்தார்.

டாக்ஸி வெளியே வந்து திரும்பியது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. இங்கே டீயும் இல்லை.

"வலிக்குதா?" என்றார்.

ஒன்பது நாளும் யார் கேட்டாலும், டாக்டர் கேட்டாலும்கூட, அவள் பரவாயில்லை என்றுதான் சொல்லிவந்தாள். இப்போது சீட்டின் முதுகைப் பிடித்திருந்த கையை எடுத்து அவருடைய ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதுங்க."

அவர் முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தொட்டார்.

"மெதுவாப் போங்க தம்பி. எனக்கு இன்னிக்கு வேற எங்கயும் போகவேண்டியதில்ல."